வாய்க்கால் மேட்டு வழியே: கொங்கு நாட்டில் ஐந்து நாள் சைக்கிள் பயணம்

முதல் நாள்: கோவை – பவானிசாகர்

காலை ஐந்தரை மணிக்குக் கணபதியில் எங்கள் வீட்டுப் படியிலிருந்து சைக்கிளை இறக்கிக்கொண்டிருந்தபோது, பால் ஊற்ற வந்தவர் நின்று பார்த்துவிட்டு, "டீச்சர், இந்நேரத்துல எங்கீங்க பொறப்பட்டீங்க?" என்று கேட்டார். பவானிசாகருக்கு என்றேன். "சத்தி பஸ்ஸு இப்பவே இருக்குதுங்களே" என்றார். அவர் சொன்னதில் தவறு எதுவும் இல்லை. சத்தியமங்கலம் சாலையில் பேருந்துக்குப் பஞ்சமில்லை. அறுபது வயதில், முழங்காலில் சிறு வலியோடு, சுமார் அறுபது கிலோமீட்டரை மிதித்துக் கடக்க வேண்டிய கட்டாயமும் எனக்கு இல்லை.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் இயற்பியல் ஆசிரியையாக இருந்தேன். பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு தரும் விலையில்லா மிதிவண்டிகள் பள்ளி மைதானத்தில் வரிசையாக வந்து நிற்கும்போது, கையெழுத்து வாங்கி ஒப்படைக்கும் வேலை பெரும்பாலும் என் தலையில்தான் விழும். அதே பிள்ளைகளுக்கு வகுப்பில் புவி வெப்பமாதலைப் பற்றியும் பாடம் எடுத்தேன். இந்த இரண்டையும் சேர்த்து ஒருநாளும் நான் யோசித்ததில்லை. மாலையானால் என் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிக்கொண்டு வீடு திரும்பிவிடுவேன். ஓய்வு பெற்றபின் மகன் வாங்கித் தந்த ஏழு கியர் சைக்கிளில் ஊருக்குள் சுற்றிப் பழகியதில், கொங்கு நாட்டில் இன்னும் யார் சைக்கிள் மிதிக்கிறார்கள், எதற்காக மிதிக்கிறார்கள், எந்த இடத்தில் இறங்கித் தள்ளுகிறார்கள் என்று நேரில் பார்க்கும் ஆசை வந்தது. எதிரில் வரும் ஒவ்வொரு சைக்கிளுக்கும் ஒரு கோடு போடுவதென்று ஒரு நோட்டும் எடுத்துக்கொண்டேன்.

கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோவுக்கும் சற்றுக் குறைவு. ஆனால் அது எரிந்து வெளிவரும் கரியமில வாயுவின் எடை ஏறத்தாழ 2.3 கிலோ. வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். முக்கால் கிலோ எப்படி இரண்டே கால் கிலோவுக்கு மேல் ஆகும் என்று கேட்பார்கள். பெட்ரோலில் உள்ள ஒவ்வொரு கரி அணுவும் காற்றிலிருந்து இரண்டு ஆக்சிஜன் அணுக்களைப் பிடித்துக்கொண்டு வெளியேறுகிறது, கூடுதல் எடை அந்த ஆக்சிஜனுடையது என்று கரும்பலகையில் எழுதிக் காட்டியபின்தான் தலையாட்டுவார்கள். லிட்டருக்கு ஐம்பது கிலோமீட்டர் ஓடும் இருசக்கர வண்டி கிலோமீட்டருக்கு 46 கிராம் வெளிவிடுகிறது. பதினைந்து ஓடும் கார் 150 கிராமுக்கு மேல். டீசலுக்கு லிட்டருக்கு 2.7 கிலோ என்றாலும், லிட்டருக்கு நாலரை கிலோமீட்டர் ஓடும் பேருந்தில் ஐம்பது பேர் இருந்தால் ஆளுக்குப் பன்னிரண்டு கிராம்தான் விழுகிறது. ஆகவே பால்காரர் சொன்ன சத்தி பேருந்து, என் பழைய ஸ்கூட்டரைவிடப் பல மடங்கு நல்ல யோசனை.

சரவணம்பட்டி தாண்டும்வரை எழுத ஒன்றுமில்லை; லாரிப் புகைக்கும் அடுக்குமாடிக் கட்டடங்களுக்கும் நடுவே மூச்சைப் பிடித்துக்கொண்டு மிதித்தேன். கோவில்பாளையத்துக்கு அப்பால்தான் சாலை சாலையாகத் தெரியத் தொடங்கியது. ஆவணி பிறந்து ஒரு வாரம் ஆகியும் ஆடிக்காற்று ஓயவில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும் அந்தக் காற்று, வடகிழக்கே போகும் எனக்கு இடது தோளுக்குப் பின்னால் வந்து கைகொடுத்தது.

அன்னூருக்கு முன்பு சாலையோரப் புளியமரங்களின் கீழ் இளைப்பாற நின்றேன். ஒவ்வொரு மரத்திலும் சுண்ணாம்புப் பட்டை, அதன்மேல் கறுப்பு எண். கொரோனா காலத்தில் பள்ளி வாசலில் பிள்ளைகளின் நெற்றிக்கு நேராகப் பிடித்த வெப்பமானி ஒன்று என்னிடம் இருக்கிறது. அதில் பொருளின் வெப்பநிலையைக் காட்டும் பொத்தானும் உண்டு. பதினொரு மணி வெயிலில் திறந்த தார்ச்சாலையைக் குறிவைத்தபோது 49 காட்டியது. நாலடி தள்ளி, புளிய நிழலில் அதே தார் 33 காட்டியது. நிழலிலும் வெயிலிலும் காற்றின் வெப்பநிலை அதிகம் வேறுபடாது. மேலே சூரியனும் கீழே தாரும் சேர்ந்து உடம்பைச் சுடுவதை நிழல் தடுக்கிறது என்பதே காரியம். சாலை அகலப்படுத்தக் கொங்கு நாடு முழுவதும் வெட்டிய மரங்களைக் காரில் போகிறவர் கண்ணால் மட்டும் இழந்தார். சைக்கிளில் போகிறவருக்கு அந்த இழப்பு முதுகில் தெரிகிறது.

புளியம்பட்டியில் சாப்பிட்ட அரிசிம்பருப்புச் சோற்றையும் அதன்மேல் ஊற்றிய நெய்யையும் பற்றித் தனியாக ஒரு பத்தி எழுதலாம், அடக்கிக்கொள்கிறேன். கடைக்கார அம்மா, "பொழுதோட போய்ச் சேந்துருங்க அம்மிணி, அங்கிட்டு ஆனை வரும்" என்று எச்சரித்தார். நான்கு மணிக்கெல்லாம் பவானிசாகர் வந்துவிட்டேன். நோட்டில் 38 கோடுகள். அதில் என்னைப்போல் கியர் வண்டியும் ஹெல்மெட்டுமாக வந்தவர்கள் மூன்று பேர். மூவரும் சரவணம்பட்டிக்குக் கோவைப் பக்கம்.

இரண்டாம் நாள்: பவானிசாகர் – கோபி

இன்று வாய்க்கால் நாள்.

1956-க்குள் முழுமையடைந்த கீழ்பவானித் திட்டத்தின் பிரதான கால்வாய், பவானிசாகர் அணையிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் ஓடி இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் நிலத்தை நனைக்கிறது. ஆகஸ்ட் நடுவில் தண்ணீர் திறப்பது வழக்கம் என்பதால் வாய்க்கால் முக்கால் கரைக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதன் கரைமேல், பொதுப்பணித் துறை ஆட்கள் மதகுகளைப் பார்வையிடப் போட்ட மண் தடம் ஒன்று கூடவே போகிறது. வாய்க்காலை வெட்டிய பொறியாளர்கள் நிலத்தின் சரிவைப் பார்த்துப் பார்த்து, மேட்டைச் சுற்றியும் பள்ளத்தை ஒதுக்கியும், தண்ணீர் தானாக ஓடும் அளவுக்கு மட்டும் சாய்வு கொடுத்துக் கொண்டுபோயிருக்கிறார்கள். தண்ணீர் ஏறாது, ஆகவே அதன் கரையில் போகிற சைக்கிளும் ஏற வேண்டியதில்லை. கொங்கு நாட்டில் மேடே இல்லாத சாலை ஒன்று இத்தனை ஆண்டுகளாக இருந்திருக்கிறது என்பதை நான் இயற்பியல் படித்தும் இன்றுதான் கண்டுகொண்டேன்.

தடம் எங்கும் ஒழுங்காக இருந்தது என்று சொல்ல முடியாது. சில இடங்களில் முழங்கால் உயரப் புல், சில இடங்களில் டிராக்டர் உழுத சேறு, சில இடங்களில் கரையையே காணோம். அங்கெல்லாம் ஊர்ச் சாலைக்கு இறங்கி மறுபடி ஏறினேன். மண் கரைக்குக் கான்கிரீட் போடுவது பற்றி ஆயக்கட்டு விவசாயிகளுக்குள் பல காலமாக இரண்டு கட்சி இருக்கிறது. கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேரும் என்பது ஒரு பக்கம், கசிவு நீர் நின்றால் கிணறு வற்றும், கரையோர மரங்கள் போகும் என்பது இன்னொரு பக்கம். அதில் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. நிழலில் பத்துக் கிலோமீட்டர் மிதித்தவள் என்ற முறையில் மரங்களின் பக்கம் சாய்கிறேன் என்பதை மட்டும் மறைக்கவில்லை.

சத்தியமங்கலம் தாண்டி ஏழெட்டுக் கிலோமீட்டரில், சீமைக்கருவேல முள் பின் சக்கரத்தில் ஏறியது. தள்ளிக்கொண்டே போய் அருகிலிருந்த சிற்றூரில் விசாரித்ததும், வேப்பமரத்தடியில் ஒரு சைக்கிள் கடையைக் காட்டினார்கள். கடை என்றால் ஒரு மரப்பெட்டி, ஒரு காற்றடிக்கும் பம்பு, அடுப்பில் கரி பிடித்த பழைய இரும்புச் சட்டியில் தண்ணீர். எழுபதைத் தாண்டிய பெரியவர் வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, இரண்டு லீவரால் டயரின் ஓரத்தை நெம்பி, ட்யூபைக் குடல் உருவுவதுபோல் உருவினார். காற்றடித்து, சாண் சாணாகத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் கடுகளவு குமிழிகள் கோத்த மணிபோல் மேலே வந்தன. அந்த இடத்தைத் துடைத்து, உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, சொல்யூஷனைச் சுண்டுவிரலால் தடவி, ஊதிக் காயவைத்து, பழைய ட்யூபிலிருந்து வட்டமாக வெட்டிய துண்டை ஒட்டிச் சுத்தியலால் தட்டினார். அதோடு விடவில்லை. டயரின் உட்புறம் முழுவதையும் விரலால் தடவிப் பார்த்து, ஒடிந்து நின்ற இன்னொரு முள்முனையை எடுத்துக் காட்டினார். "இத உட்டுட்டா நீங்க கோபி போறதுக்குள்ள மறுக்காவும் இறங்கோணும்" என்றார். அவர் கேட்ட முப்பது ரூபாயைக் கொடுக்க எனக்கு வெட்கமாக இருந்தது.

ஒரு காலத்தில் அவரிடம் இருபது வாடகை சைக்கிள்கள் இருந்தனவாம். மட்கார்டில் எண் எழுதி, மணிக்கணக்கில் வாடகைக்கு விடுவார். பேருந்தில் வந்து இறங்குகிறவர்கள் எடுத்துக்கொண்டு தோட்டத்து வீட்டுக்குப் போய்விட்டுப் பொழுதோடு திருப்பிவிடுவார்கள். பெரிய நகரங்களில் செல்பேசிச் செயலியோடு இப்போது இறக்குகிறார்களே, பேருந்து நிலையத்துக்கு அருகே வாடகை சைக்கிள், அதேதான் இது. இன்று அவருக்குப் பிழைப்பு, பள்ளிப் பிள்ளைகளின் அரசு சைக்கிள்களில்தான் ஓடுகிறது. "பொம்பளப் புள்ளைங்க நல்லா வெச்சுக்கும். பசங்களோடது ஒரு வருசத்துல போக்ஸ் கம்பி பூராம் போயிரும். அப்பறம் எக்செல்லு வாங்கிக் குடுத்துருவாங்க" என்றார். டிவிஎஸ் எக்செல் வந்தபின் சந்தைக்கும் பால் சொசைட்டிக்கும் யாரும் மிதித்துப் போவதில்லை என்பதைக் குறையாகச் சொல்லாமல், மழை பெய்ததுபோல் ஒரு செய்தியாகச் சொன்னார்.

நாற்பது லிட்டர் பால் கேனை இரண்டு பக்கமும் கட்டிக்கொண்டு மிதித்தவரிடம் போய், எக்செல்லை விட்டுவிட்டு மறுபடி மிதியுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

மூன்றாம் நாள்: கோபி – பெருந்துறை – சென்னிமலை

நேற்று இரவு கோபியில் உறவினர் வீட்டில் தங்கினேன். பச்சைப்பசேலென்ற வயல்களைப் பார்த்தபடி கிளம்பியதில் முதல் இருபது கிலோமீட்டர் போனதே தெரியவில்லை. இன்று எழுத வேண்டியது வேறு.

பெருந்துறை அருகே சேலம்–கொச்சி தேசிய நெடுஞ்சாலை 544-ஐக் கடக்க வேண்டும். என் பக்கம் ஒரு டீக்கடை. எதிர்ப்பக்கம், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில், நான் போக வேண்டிய சாலை. நடுவே இரண்டும் இரண்டும் நாலு தடம், இடையில் தடுப்பு, மணிக்கு நூறில் போகும் வண்டிகள். சட்டப்படி நான் சர்வீஸ் சாலையில் இடப்பக்கமாகவே போய், சுரங்கப் பாலத்தைக் கண்டுபிடித்து, மறுபக்கம் வந்து, அதே தூரத்தைத் திரும்பி மிதிக்க வேண்டும். அருகிலிருக்கும் பாலமோ எதிர்த்திசையில் இருந்தது. காரில் வருகிறவருக்கு இது மூன்று நிமிடம். எனக்குக் கால் மணி நேரத்துக்கு மேல். டீக்கடையில் நின்ற அரை மணிக்குள், பள்ளிச் சீருடையில் நான்கு பெண்கள் அரசு சைக்கிள்களில் எதிர்த்திசையிலேயே சர்வீஸ் சாலை ஓரமாக வந்தார்கள். ஒருத்தியின் முன்கூடையில் சாப்பாட்டுத் தூக்கு ஆடிக்கொண்டிருந்தது. எதிரே வந்த வேன் ஒலி எழுப்பியதும் நால்வரும் இறங்கிச் சாக்கடை மூடிமேல் ஏறி நின்றார்கள். பழகிப்போன லாவகத்தோடு, பேச்சை நிறுத்தாமல்.

அந்தப் பெண்களில் யாருக்கோ நான் சைக்கிள் ஒப்படைத்திருக்கலாம். அன்று கையெழுத்து வாங்கினேனே தவிர, நீ எந்தச் சாலை வழியாகப் பள்ளிக்கு வருகிறாய் என்று ஒருத்தியையும் கேட்டதில்லை. வண்டி கொடுக்கிறோம்; வழி கொடுக்கவில்லை.

2011 கணக்கெடுப்பின்போது இந்திய வீடுகளில் நூற்றுக்கு 45-இல் சைக்கிள் இருந்தது. மோட்டார் இருசக்கர வண்டி 21-இல்தான். சைக்கிளை மக்களிடம் புதிதாகக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய நாடல்ல இது. வீட்டில் கிடக்கும் சைக்கிளை எடுத்துக்கொண்டு சாலையைக் கடக்க முடியாத நாடு. உலகில் எரிபொருள் எரிப்பதால் வரும் கரியமில வாயுவில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு போக்குவரத்திலிருந்து வருகிறது, அதிலும் நாலில் மூன்று பங்கு சாலை வண்டிகளிலிருந்து என்று படிக்கும்போது பெரிய தீர்வுகள்தான் மனத்தில் வருகின்றன. இந்த டீக்கடை எதிரே சைக்கிள் நுழையும் அளவுக்கு ஒரு சிறிய சுரங்கவழி இருந்தால் நான்கு எக்செல் வாங்குவது நான்கு ஆண்டுகளாவது தள்ளிப்போகும் என்று எனக்குத் தோன்றுகிறது.

நானும் எதிர்த்திசையிலேயே போய்த்தான் கடந்தேன் என்பதை எழுதாமல் விட்டால் நேர்மையாகாது.

சென்னிமலைக்கு வரும்போது தறிச்சத்தம் கேட்டது. வெள்ளோடு பறவைகள் சரணாலயம், 2022-இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது, பக்கத்தில்தான் இருக்கிறது, கால்கள் சம்மதிக்கவில்லை. இன்றைய கோடுகள் 64. பாதிக்கு மேல் பள்ளிப் பிள்ளைகள்.

நான்காம் நாள்: சென்னிமலை – ஊத்துக்குளி – திருப்பூர்

காற்று எதிராகத் திரும்பிவிட்டது; உண்மையில் திரும்பியது நான்தான். முப்பது சொச்சம் கிலோமீட்டர், அதற்கே பாதிப் பகல் போயிற்று.

ஊத்துக்குளி என்றால் வெண்ணெய் என்பார்கள். எனக்கு இனி ரயில்தான் நினைவுக்கு வரும். நிலையத்தின் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, திருப்பூர்ப் பக்கம் போகும் பயணிகள் ரயில் வந்து நின்றது. சாப்பாட்டுப் பைகளோடு ஒரு கூட்டமே ஏறிப் போயிற்று. சென்னையிலிருந்து போத்தனூர் வழியாக மேற்குக் கடற்கரையின் பேப்பூருக்கு 1862-இல் நிறைவடைந்த பாதை இது. புகை வண்டி என்று பெயர் வைத்த காலம் போய், இப்போது மின்சாரத்தில் ஓடுகிறது. நிலையத்துக்கு வெளியே சைக்கிள்களைவிட இருசக்கர வண்டிகள்தான் அதிகம். நிழலில் கூரையோடு, பூட்டிவிட்டுப் போக ஓர் இடம் இருந்தால் இரண்டு மூன்று கிலோமீட்டரில் இருக்கிறவர்கள் மிதித்து வருவார்கள் என்று பயணச்சீட்டு வாங்கிக்கொண்டிருந்த ஒருவர் தாமாகவே சொன்னார். அவருடைய சைக்கிள் இங்கேதான் திருட்டுப் போயிற்றாம்.

திருப்பூரில் ஷிப்ட் விடும் நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தேன். அரை மணி நேரத்தில் நோட்டின் ஒரு பக்கம் நிரம்பிவிட்டது, எண்ணுவதையே விட்டுவிட்டேன். பனியன் கம்பெனிகளிலிருந்து வெளிவந்த வடமாநிலத் தொழிலாளர்கள், பெரும்பாலும் பழைய சைக்கிள்களில், கேரியரில் இன்னொருவரை உட்காரவைத்துக்கொண்டு, ஹிந்தியிலும் ஒடியாவிலும் பேசியபடி போனார்கள். அயல்நாட்டு வாங்குவோர் ஒரு பனியனுக்கு எத்தனை கரியமில வாயு என்று கணக்குக் கேட்கும் காலம் இது. மேற்கூரையில் சூரியத் தகடு பதித்ததைக் கம்பெனிகள் படம் எடுத்துப் போடுகின்றன. பனியனைத் தைத்த கைகள் சைக்கிளில் வீட்டுக்குப் போவதை யாரும் படம் எடுப்பதில்லை. நடைபாதையும் விளக்கும் இல்லாத சாலையில் அவர்கள் போவதையும்தான்.

ஐந்தாம் நாள்: திருப்பூர் – பல்லடம் – கோவை

சைக்கிளின் வேகம் மணிக்குப் பதினைந்து. எதிர்க்காற்றின் வேகமும் பதினைந்து என்றால், உடம்பு முப்பது கிலோமீட்டர் வேகக் காற்றைச் சந்திக்கிறது. வேகம் இரட்டித்தால் காற்றின் தடை நாலு மடங்கு. இந்தச் சூத்திரத்தை எத்தனையோ தடவை எழுதிப் போட்டிருக்கிறேன். பல்லடம் போவதற்குள் கியர் ஒன்றுக்கு இறங்கி, நடக்கிறவர்கள் என்னை முந்தாமல் இருந்தால் போதும் என்ற நிலைக்கு வந்தேன். தெற்கே கேத்தனூர்ப் பக்கம் காற்றாலைகள், எனக்குப் பகையான அதே காற்றில் நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. மின்சார ஸ்கூட்டர் நூறு கிலோமீட்டருக்குச் சுமார் மூன்று யூனிட் குடிக்கும். நம் நாட்டு மின்சாரத்தில் நிலக்கரியின் பங்கு பெரிது என்பதால் இப்போதைக்கு அதுவும் கிலோமீட்டருக்கு இருபது கிராம் அளவில் வெளிவிடுகிறது. என் பழைய பெட்ரோல் ஸ்கூட்டரில் பாதிக்கும் கீழ். நிறைந்த பேருந்தைவிட அதிகம். எக்செல்காரருக்கு நான் சொல்லக்கூடியது இந்த இடத்தில்தான் இருக்கிறது. மிதிக்கச் சொல்வதில் இல்லை.

பல்லடத்தில் தோற்றுப்போய்ப் பேருந்தில் ஏறிவிட முயன்றேன். நடத்துநர் தம்பி மரியாதையாகவே பேசினார்: "நீங்க ஏறுங்கம்மா, டிக்கெட்டே வேண்டாம். சைக்கிளுக்கு லக்கேஜ் போட்டாலும் வெக்க எடமில்லீங்களே." 2021 மே முதல் வெள்ளை போர்டுப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால், ஐந்து நாளும் நான் செய்ததில் சிக்கனம் என்று சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. முன்பெல்லாம் பேருந்தின் பின்னால் ஏணி இருக்கும். மேலே ஏற்றிக் கட்டிவிடுவார்கள், கோழிக்கூண்டும் வாழைத்தாருமாக. அந்த ஏணியைக் கழற்றிய நாளில் சைக்கிளும் பேருந்தும் ஒன்றுக்கொன்று அந்நியமாகிவிட்டன.

ஆகவே மிதித்தேன். சூலூருக்கு அருகே கலங்கல் என்று கைகாட்டி தெரிந்ததும் இறங்கி நின்றேன். கோவையின் கண்டுபிடிப்பாளர் ஜி.டி. நாயுடு 1893-இல் பிறந்த ஊர். பிரிட்டிஷ் அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கி, கோவையில் உணவகத்தில் வேலை பார்த்துக் காசு சேர்த்து அதையே வாங்கிப் பிரித்துப் பூட்டினார் என்பது இங்கே எல்லோரும் சொல்லும் கதை. அவருடைய மயக்கம் இந்த நாட்டுக்கே தொற்றிக்கொண்டது. ஆனால் அவர் 1920-இல் தொடங்கிய தொழில், பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பேருந்து. மோட்டாரில் மயங்கியவர் மற்றவர்களுக்குக் கொடுத்தது சேர்ந்து போகும் வண்டியை.

சிங்காநல்லூர் சிக்னலில் என் பக்கத்தில் காக்கிச் சட்டை அணிந்த காவலாளி ஒருவர், கேரியரில் டிபன் கேரியரோடு, ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றார். என் பின்பையையும் கியரையும் நோட்டம் விட்டபின், எங்கிருந்து வருகிறேன் என்று கேட்டார். சொன்னேன். தாம் தினமும் இருகூரிலிருந்து வந்து போவதாகச் சொல்லிவிட்டு, "பொழுதோட திரும்பறப்ப காத்து நமக்குப் பின்னாடி வந்துருங்க, அதான் ஒரு வசதி" என்றார். விளக்கு பச்சைக்கு மாறியது. அவர் என்னைவிட வேகமாகப் போய்விட்டார். நோட்டை எடுத்து ஒரு கோடு போட்டேன்.